சென்னை–லண்டன்: கிலோமீட்டரை வைத்து நேரம் கணக்குப் போடாதீர்கள்

பாஸ்போர்ட் காலாவதி, பெயரில் எழுத்துப்பிழை இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன். டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் திரும்பத் திரும்ப இடறுவது நேரக் கணக்கில்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் ஒன்பது மணி நேரம் வரும். ஆனால் நேரடி விமானத்துக்கே பதினொரு மணி நேரம் பக்கம் ஆகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், மூடிய வான்வெளி இருந்தால் சுற்றிப் போக வேண்டும், லண்டன் மேல் இறங்க இடம் கிடைக்கும்வரை வட்டமடிக்க வேண்டும். போதாததற்கு உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று, போகும்போது எதிர்க்காற்று.

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரத்தையும் கழிப்பது

காலை 5.30க்குக் கிளம்பி 11.00க்கு இறங்குகிறது என்றால் ஐந்தரை மணி நேரப் பயணம் இல்லை. முதலாவது நம் ஊர் நேரம், இரண்டாவது அவர்கள் ஊர் நேரம். குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரைதான்.

தனித்தனி டிக்கெட்டில் கனெக்ஷன்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மாம்பலத்தில் ஒரு வயதான தம்பதி, எடின்பரோவில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். லண்டன் வரை ஒரு டிக்கெட். அங்கிருந்து எடின்பரோவுக்கு வேறொரு நிறுவனத்தில் மலிவாக இன்னொன்று. நடுவில் இரண்டு மணி நேரம். போட்டுக் கொடுத்த பையன், “ரெண்டு மணி நேரம் தாராளம் சார்” என்றானாம்.

விமானம் முக்கால் மணி நேரம் தாமதம். அப்புறம் இமிக்ரேஷன் வரிசை. தனி டிக்கெட் என்பதால் லக்கேஜைத் தாங்களே எடுத்து, வேறு டெர்மினலுக்குத் தள்ளிக்கொண்டு போய், மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும். போய் நின்றபோது கவுன்ட்டர் மூடியிருந்தது. பாட்டி கையில் மாத்திரை டப்பாவோடு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். அன்றைய விலைக்கு இரண்டு புது டிக்கெட். மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு போயிற்று.

முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. அதன் கணக்கில் நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். இரண்டும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இன்னொன்று: வேறு நாட்டில் மாறும்போது லக்கேஜை வெளியே எடுக்க வேண்டி வந்தால், அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் வேண்டியிருக்கும். கனடாவுக்கு இப்படி இரண்டு துண்டாக டிக்கெட் எடுத்துவிட்டு மீனம்பாக்கத்திலேயே நிற்பவர்கள் உண்டு.

தனித்தனியாகத்தான் எடுத்தாக வேண்டும் என்றால் நடுவில் ஓர் இரவு விடுங்கள். ஹோட்டல் செலவு வீண் இல்லை.

நள்ளிரவுத் தேதி

15ஆம் தேதி 00.40 என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

திரும்பி வரும் நேரம்

வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்; ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறையும். போன நேரத்தை வைத்து வண்டி சொல்லாதீர்கள்.