முதலில் மாதம், பிறகு தீவு: எந்தச் செலவுக்கும் ஏற்ற கடற்கரை விடுமுறை

தீவு விடுமுறைக்குத் திட்டமிடும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பெரும்பாலும் மலிவான விமானச் சீட்டைப் பார்த்தே இடத்தை முடிவு செய்கின்றன. விடுப்புக் கிடைக்கும் மாதத்தை முதலில் உறுதிசெய்து, அந்த மாதத்தில் எந்தக் கடல் அமைதியாக இருக்குமோ அங்குள்ள தீவைத் தேர்ந்தெடுத்து, அதன் பிறகே பணக் கணக்கைப் போடுவது நல்லது. பருவம் தவறிய தீவில் எவ்வளவு மலிவான அறை கிடைத்தாலும், மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரிட்டால் அது வீண்செலவுதான்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஜூன், டிசம்பர் என இரண்டே நீண்ட விடுமுறைகள் உள்ளன. மலேசியாவின் கிழக்குக் கரையை ஒட்டிய தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளுக்கு ஜூன் மிகப் பொருத்தமானது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றால் படகுச் சேவை குறைந்து, பல விடுதிகள் மூடிவிடும். பாலியிலும் ஜூன் வறண்ட காலமே. டிசம்பரில் தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள புக்கெட், மலேசியாவின் லங்காவி ஆகியவற்றை நாடலாம். ஆனால் தாய்லாந்தின் மறுபக்கத்தில் உள்ள கோ சாமுயியில் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் கனமழை பெய்கிறது என்பதால், தாய்லாந்து முழுவதற்கும் ஒரே பருவம் என்று எண்ணிவிட வேண்டாம்.

மிகக் குறைந்த செலவில் ஒரு நாளைக் கழிக்க, மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குச் சென்று, அங்கிருந்து நடந்தே லாசரஸ் தீவின் கடற்கரையை அடையலாம். உணவையும் குடிநீரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்த நிலையில் இந்தோனேசியாவின் பிந்தான் தீவு வருகிறது. தானா மேரா முனையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் லகோய் உல்லாச விடுதிப் பகுதியை அடையலாம். தீவின் கிழக்கே திரிக்கோரா கடற்கரையில் தங்கினால் செலவு குறையும். பிந்தானின் நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது என்பதால், திரும்பும் படகின் நேரம் எந்த ஊர்க் கணக்கில் தரப்பட்டுள்ளது என்று பார்த்துக்கொள்வது அவசியம். வீட்டில் ஒருவர் சிங்கப்பூர்க் கடப்பிதழும் மற்றவர் இந்தியக் கடப்பிதழும் வைத்திருந்தால், விசாக் கட்டணத்தையும் முன்கூட்டியே சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கொடுக்கும் பணத்துக்கு நிறைவான பலனைத் தருவது தியோமான்தான் என்பது என் உறுதியான கருத்து. பவளப்பாறையும் மழைக்காடும் அங்கே அருகருகே இருக்கின்றன. தியோமானுக்குப் படகு ஏறும் மெர்சிங் துறையில் படகு நேரங்கள் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து மாறுவதால், அந்த நாளின் அட்டவணையைப் பார்த்த பிறகே உட்லண்ட்ஸிலிருந்து புறப்படும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். படகு தீவின் ஒவ்வொரு கம்பமாக (சிற்றூராக) நின்று செல்லும். தங்குமிடம் எந்தக் கம்பத்தில் உள்ளது என்று தெரியாமல் ஏறக் கூடாது. ரிங்கிட்டை ரொக்கமாகக் கொண்டுபோங்கள். சைவம் உண்பவர்கள், காய்கறிப் பிரட்டலிலும் பெலாச்சான் (இறால் விழுது) சேர்ப்பார்கள் என்பதை மனத்தில் வைத்து, வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. சொந்தக் காரில் போகிறவர்கள் மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். எல்லையைக் கடக்கும்போது பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும்.

மாலத்தீவு பணக்காரர்களுக்கு மட்டுமே என்ற எண்ணம் பழையது. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த 2009 முதல் அனுமதி உண்டு. மாஃபுஷி போன்ற தீவுகளில் நடுத்தரக் குடும்பமும் தங்க முடியும். அங்கே மதுபானம் கிடையாது. குறித்த கடற்கரையைத் தவிர மற்ற இடங்களில் உடலை மூடிய உடை வேண்டும். தனித்தீவு விடுதியை நாடுவோர், அறைக் கட்டணத்துக்கு முன் கடல் விமானக் கட்டணத்தைக் கேளுங்கள். அது ஆளுக்குச் சில நூறு அமெரிக்க டாலர் வரை ஆகும். கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறப்பதால், இரவில் மாலேயில் இறங்குவோருக்கு அங்கே ஓர் இரவுக்கான அறைச் செலவும் கூடும்.

எங்கே சென்றாலும் கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். தரைவழியாகத் திரும்புவோர், எல்லையில் நெரிசல் மிகும் பள்ளி விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையே தீவிலிருந்து கிளம்பும்படி படகுச் சீட்டை எடுத்துவிடுங்கள்.