ஒரே பெயர், வேறு ஆள்: இங்கிலாந்து மூதாதையரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சரான தாமஸ் குரோம்வெல், 1538-ல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கு ஆலயமும் தன் பங்கின் (ஓர் ஆலயத்தின் பொறுப்பில் உள்ள பகுதியின்) எல்லைக்குள் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1837 ஜூலை முதல் தேதி அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கும்வரை, உழவர், நெசவாளர், வேலைக்காரர் என்று எளிய மக்கள் வாழ்ந்ததற்குப் பெரும்பாலும் இந்த ஏடுகள்தான் சாட்சி. அவற்றை அவசரமாகப் படிப்பவர்கள், யாரோ ஒருவரைத் தங்கள் பாட்டனாராக்கிவிடுகிறார்கள்.

பெயர் ஒத்துப்போனதும் தேடலை நிறுத்திவிடுவதுதான் தவறுகளிலேயே பெரியது. ஜான், வில்லியம், தாமஸ், மேரி, எலிசபெத் என்று ஒரு சில பெயர்களே ஊரெங்கும் புழங்கிய காலம் அது. 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் முன்னோர் வில்லியமுக்கு வயது 40, பிறந்த ஊர் இன்னது என்று இருக்கிறது. அந்த ஊர் ஏட்டில் 1811-ல் அதே பெயரில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. இத்துடன் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. முதலில் அடக்கப் பதிவைப் புரட்டுங்கள். அந்தக் குழந்தை மறு ஆண்டே இறந்திருக்கலாம். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்குச் சூட்டுவது அன்று சாதாரண வழக்கம். அடுத்த பங்கிலும் அதே பெயரில், அதே வயதில் ஒருவன் இருந்திருக்கலாம். அத்தனை வில்லியம்களையும் எழுதிவைத்து, ஒவ்வொருவரும் ஏன் உங்கள் ஆள் அல்ல என்று காரணத்தோடு கழித்த பிறகு எஞ்சுபவரை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் எழுதிய வம்சாவளியை நான் நம்பமாட்டேன்.

1813 முதல் இந்த வேலை சற்று எளிதாகிறது. அச்சடித்த படிவங்கள் வந்ததால் ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் வசிப்பிடமும், அடக்கப் பதிவில் வயதும் கிடைக்கின்றன. தொழிலை ஒப்பிட்டாலே பல குழப்பங்கள் தீரும்.

ஞானஸ்நான நாளைப் பிறந்தநாளாக எழுதிவிடுவதும் பரவலான பிழை. ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26-ல் ஞானஸ்நானம் நடந்தது என்பதற்குத்தான் ஆதாரம் உண்டு. 23-ல் பிறந்தார் என்பது ஊகம். நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்த குடும்பங்களும் இருந்தன. அவர்களில் மூத்தவனுக்கு அன்று பத்து வயதுகூட இருந்திருக்கலாம்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. 1700 மே மாதம் திருமணம், 1700 பிப்ரவரியில் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று ஏட்டில் கண்டால், திருமணத்துக்கு முன்பே பிறந்த குழந்தை என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1701. இத்தகைய தேதிகளை 1700/01 என்று இரட்டையாகக் குறித்துக்கொள்வது நல்லது.

இணையத்தில் கிடைக்கும் பெயர்ப்பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, ஏட்டின் படத்தைத் திறக்காமல் விடாதீர்கள். எழுதுபவரின் கை தவறுவது புதிதல்ல. 1582 நவம்பர் 27-ல் ஷேக்ஸ்பியரின் திருமண அனுமதிக் குறிப்பில் மணப்பெண்ணின் பெயர் ஆன் வேட்லி; மறுநாள் எழுதிய பிணைப்பத்திரத்தில் ஆன் ஹாத்வே. முதலாவது எழுத்தரின் பிழை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. குடும்பப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் தேடுவதும் வீண். 1733 வரை லத்தீனிலும் எழுதினார்கள். குலியெல்மஸ் என்றால் வில்லியம், ஜேக்கபஸ் என்றால் ஜேம்ஸ். ஏடு செல்லரித்திருந்தால், 1598 முதல் ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பப்பட்ட படிகளில் அந்தப் பதிவு கிடைக்கக்கூடும்.

பதிவு இல்லை என்பதால் ஆளே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பதினேழாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரையும் அதைத் தொடர்ந்த குடியரசுக் காலத்தையும் ஒட்டிப் பல ஏடுகளில் இடைவெளி உண்டு. இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையில் சேராத பாப்டிஸ்டுகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் பதிவுகளைத் தனியே வைத்திருந்தார்கள். அவற்றில் ஏராளமானவை இப்போது லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் 1754 முதல் 1837 வரை குவேக்கர்கள் என்னும் இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர மற்றவர்கள் ஆங்கிலிக்கன் ஆலயத்தில்தான் சட்டப்படி மணம் செய்ய முடிந்தது. எனவே திருமணம் ஓரிடத்திலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு வேறிடத்திலும் இருந்தால் வியப்படைய வேண்டாம். ஓலை வாசித்த பதிவை, அதாவது நடக்கவிருக்கும் திருமணத்தை ஆலயத்தில் முன்கூட்டி அறிவித்த பதிவை, திருமணப் பதிவாகக் கொள்வதும் தவறு. மூன்று ஞாயிறு ஓலை வாசித்தும் நின்றுபோன திருமணங்கள் உண்டு.

1841 கணக்கெடுப்பில் 15-க்கு மேற்பட்டோரின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள்: 39 வயதுக்காரர் அங்கே 35. குடும்ப பைபிளில் உள்ள தேதிகளைப் பயன்படுத்தும்போது, அந்த பைபிள் அச்சான ஆண்டைப் பாருங்கள். தேதிகள் அதற்கு முந்தியவை என்றால், பின்னாளில் நினைவிலிருந்தோ வேறொன்றைப் பார்த்தோ எழுதியவை அவை.

சென்னையின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தத் தேடல் சொந்த விஷயம். கடல் கடந்து வந்த முன்னோரின் ஊர் தெரியாமலேயே இங்கிலாந்து ஏடுகளில் பெயரைத் துழாவத் தொடங்குவது, பிறர் முன்னோரிடம் போய்ச் சேரும் வழி. மதராஸ் மாகாண ஆலயப் பதிவுகளின் படிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. முதலில் அவற்றில் திருமணத்தையும் அடக்கத்தையும் உறுதிசெய்யுங்கள். வந்தவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைவீரர் என்றால், அதே நூலகத்தில் உள்ள கம்பெனியின் படைப் பதிவேடுகளில் அவர் பிறந்த பங்கோ கவுண்டியோ (மாவட்டம் போன்ற பிரிவோ) எழுதப்பட்டிருக்கக்கூடும். அது கிடைத்த பிறகு இங்கிலாந்து ஏட்டைத் திறக்கலாம்.