ஆபீஸில் ஓடிய சிபியுவை வீட்டுக்கு வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கம்பெனிகள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழிக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் டெஸ்க்டாப்களைத் துடைத்து, எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிஸ்க்) போட்டு, சென்னை ரிச்சி தெருவிலும் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளிலும் விற்கிறார்கள். சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் ஏசி அறை, லேன் கேபிள், பெரிய யூபிஎஸ், கம்பெனி லைசன்ஸ் என்று ஆபீஸில் அதற்கு இருந்த வசதி எதுவும் உங்கள் வீட்டில் இல்லை. அதை மறந்துவிட்டு வாங்குவதில்தான் பாதித் தொல்லை.

“ஐ7 சார்” என்றதும் மயங்காதீர்கள். இந்த இன்டெல் பிராசஸர் பெயரில் சிறுகோட்டுக்குப் பின்னால் உள்ள எண்தான் வயதைச் சொல்லும். ஐ7-2600 இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. ஐ5-8500 எட்டாம் தலைமுறை, ஐ5-10400 பத்தாம் தலைமுறை. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும் இருந்தால்தான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய ஐ7-இல் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருவார்கள். ஓடும், ஆனால் பெரிய அப்டேட் வரும்போது மக்கர் செய்யலாம். பிள்ளைகள் படிப்பு, டேலி கணக்கு, ஆன்லைன் விண்ணப்பம் என்றால் ஐ5-8500, இரண்டு 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். லினக்ஸ் போடுபவருக்கு ஆறாம் தலைமுறையே போதும், காசும் மிச்சம்.

இடம் அடைக்காது என்று ஒல்லிப் பெட்டியை வாங்கிவிட்டு, பிறகு கேம் விளையாட கிராஃபிக்ஸ் கார்டு தேடுவது இன்னொரு தவறு. அதில் அரை உயரக் கார்டுதான் நுழையும். பவர் சப்ளையும் 200 வாட் அளவில்தான் இருக்கும். கம்பெனியின் சொந்த வடிவம் என்பதால் கடையில் விற்கும் சாதாரண பவர் சப்ளை பொருந்தாது. கையடக்க மைக்ரோ வகைக்கு லேப்டாப் ரேம், வெளி அடாப்டர். டெல் மைக்ரோவில் அடையாளம் தெரியாத அடாப்டரைச் செருகினால் பிராசஸர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இந்தப் பெட்டிகள் பலவற்றில் வைஃபை இருக்காது, ஹெச்டிஎம்ஐ-யும் இருக்காது. டிஸ்ப்ளேபோர்ட்டும் விஜிஏ-வும் மட்டும் இருக்கும். வைஃபை டாங்கிள், மாற்றுக் கேபிள் இரண்டின் விலையையும் பேரத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

டெல்டாவில் அதிகம் கோட்டை விடுவது மின்சாரத்தில். பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிறதே என்று ஸ்டெபிலைசர் வாங்குகிறார்கள். பவர் சப்ளை ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் அது தேவையே இல்லை. கெடுப்பது ஐப்பசி, கார்த்திகை மழையில் நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் போய் வரும் கரண்ட். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றால், அதன் பின்பக்க ஸ்விட்சைப் பாருங்கள். நார்மல் மோடில் இருந்தால் கரண்ட் மாறும் இடைவெளி அதிகம், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யூபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இந்தப் பவர் சப்ளைகள் உறுமும், சில நின்றேவிடும். சைன் வேவ் நல்லது. இன்வெர்ட்டரே இல்லாவிட்டால் 600 விஏ யூபிஎஸ் ஒன்று போதும்.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறதா? பெட்டியில் கோளாறு தேடுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். பவர் சப்ளையின் ஃபில்டரில் இருந்து கசியும் சிறு மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டியது. எர்த் இல்லாவிட்டால் தகரத்திலேயே நிற்கும். வெளிநாட்டுப் பிளக்கோடு வரும் கேபிளுக்கு மாற்றுப் பிளக் போட்டாலும் எர்த் துண்டாகிவிடக்கூடும். நம்மூர் 6 ஆம்பியர் மூன்று பின் கேபிளே வாங்கிவிடுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் பக்கம் உப்புக்காற்று. பின்பக்க ஸ்க்ரூவிலும் யூஎஸ்பி ஓரத்திலும் இப்போதே துரு தெரியும் பெட்டியைத் தொடவே வேண்டாம். பீப் அடித்துப் படமே வரவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறக் காலை அழிரப்பரால் தேய்த்து மாட்டிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

கடையில் கால் மணி நேரமாவது உட்காருங்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் திறந்து, டிஜிட்டல் லைசன்ஸ் என்கிறதா, நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் என்கிறதா பாருங்கள். இரண்டாவது என்றால் அந்த லைசன்ஸ் உங்களுடையதல்ல. டெல்லுக்கு எஃப்2, ஹெச்பிக்கு எஃப்10, லெனோவோவுக்கு எஃப்1 என்று ஆன் செய்ததும் அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை செட்டிங்ஸான பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் எழுந்து வந்துவிடலாம். டெல்லில் ஸ்டிக்கரில் உள்ள 7 எழுத்து சர்வீஸ் டேக் என்ற அடையாள எண்ணும் பயாஸில் தெரிவதும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் போர்டையோ பெட்டியையோ மாற்றியிருக்கிறார்கள். அந்த டேக்கை டெல் தளத்தில் போட்டால் முதலில் எந்த உறுப்புகளோடு அனுப்பினார்கள் என்பதும் தெரியும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டி ஆரோக்கியமும் ஓடிய மணி நேரமும் வரும். ஹார்டு டிஸ்க் 30,000 மணி நேரம் காட்டினால், மூன்று ஆண்டுக்கு மேல் நிற்காமல் சுற்றியது என்று அர்த்தம்.

கடையில் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் நெட் இணைத்து ரீசெட் செய்ததும் பழைய கம்பெனி பெயரோடு லாகின் கேட்கும். அவர்கள் பட்டியலில் இருந்து பெட்டியை நீக்கவில்லை என்று பொருள். அதனால் சீரியல் எண்ணும் திருப்பி எடுக்கும் கெடுவும் எழுதிய பில்லைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்த வாரமே ஒருமுறை ரீசெட் செய்து பார்த்துவிடுங்கள்.