படமெடுக்கத் தூண்டும் லென்ஸைக் கண்டுபிடித்தல்: கோப்புறையிலிருந்து பழைய ஹீலியோஸ் 44-2 வரை ஒரு செய்முறை

என் பையில் நான்கு லென்ஸ்கள் இருந்த ஆண்டில்தான் நான் மிகக் குறைவாகப் படமெடுத்தேன். வெளியே கிளம்பும் ஒவ்வொரு முறையும் எதை எடுத்துச் செல்வது என்று யோசித்து, எடுத்துச் சென்றதை மாற்றலாமா என்று வழியில் யோசித்து, கடைசியில் கைப்பேசியிலேயே படமெடுத்துவிட்டுத் திரும்பிய நாட்கள் பல. புதிதாகப் படமெடுக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் "எந்த லென்ஸ் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். எந்த லென்ஸ் பொருத்தப்பட்டிருந்தால் கேமராவைக் கையிலெடுக்கத் தோன்றுகிறது என்பது வேறு கேள்வி. அதற்கான விடை விமர்சனக் கட்டுரைகளில் இல்லை, உங்கள் பழைய படங்களில் இருக்கிறது. அதை நான் கண்டுபிடித்த முறையையும், அதன் முடிவாக ஒரு பழைய சோவியத் லென்ஸை என் சோனி ஏ6000 கேமராவில் பொருத்திய முறையையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: பழைய படங்களின் குவியத்தூரத்தைப் பார்த்தல்

டிஜிட்டல் கேமராவில் எடுத்த ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் அது எந்தக் குவியத்தூரத்தில் (காட்சி எவ்வளவு அகலமாக அல்லது நெருக்கமாகத் தெரியும் என்பதைக் காட்டும் மி.மீ. எண்) எடுக்கப்பட்டது என்பது பதிவாகியிருக்கும். விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. படங்கள் உள்ள கோப்புறையை 'டீடெய்ல்ஸ்' காட்சியில் திறந்து, மேலே உள்ள தலைப்பு வரிசையில் வலப்புறப் பொத்தானை அழுத்தி, 'மோர்' பட்டியலில் 'ஃபோக்கல் லெங்த்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு படத்துக்கு எதிரிலும் எண் தோன்றும். அந்தத் தலைப்பைச் சொடுக்கினால் படங்கள் அந்த எண்ணின் வரிசையில் அடுக்கப்படும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எடுத்த எல்லாப் படங்களையும் எண்ண வேண்டாம். பின்னாளில் யாருக்காவது அனுப்பிய, அச்சிட்ட, திரும்பத் திரும்பத் திறந்து பார்த்த படங்களைத் தனிக் கோப்புறையில் போட்டு அவற்றை மட்டும் எண்ணுங்கள். அடுத்து, ஜூம் லென்ஸின் இரு முனைகளிலும் குவியும் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடாதீர்கள். 16-50 லென்ஸில் 16-இலும் 50-இலும் படங்கள் குவிந்திருந்தால், அவை உங்களுக்குப் பிடித்த குவியத்தூரங்கள் என்பதைவிட, அதற்கு மேல் திருக முடியாமல் நின்ற இடங்கள் என்று கொள்வதே பெரும்பாலும் சரியாக இருக்கும். எனக்கு டெலிஃபோட்டோதான் பிடிக்கும் என்று உறுதியாக நம்பியிருந்தேன். ஆனால் 210 மி.மீ.யில் எடுத்த பறவைகளில் ஒன்றுகூட நான் பாதுகாத்து வைத்த படங்களில் இல்லை. அவற்றில் ஏறக்குறையப் பாதி 50-க்கும் 70-க்கும் இடைப்பட்டவை; அனைத்தும் முகங்கள், கைகள், சமையலறைச் சன்னலோரப் பொருட்கள்.

இரண்டாம் படி: ஒரே குவியத்தூரத்தில் இரண்டு வாரம்

கிடைத்த எண்ணுக்கு மிக அருகிலுள்ள பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத, ஒரே குவியத்தூரம் கொண்டது) இருந்தால் அதை மட்டும் பொருத்தி, மற்றவற்றை அலமாரியில் வையுங்கள். பிரைம் இல்லையென்றால் ஜூம் லென்ஸை அந்த எண்ணில் நிறுத்தி, வளையத்தின் மேல் காகித ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். பிளாஸ்டிக் நாடா வெயிலில் பிசினை விட்டுச் செல்லும்.

பின்சேர்க்கை: கேமராவோடு சேர்த்து விற்கப்படும், மோட்டாரால் ஜூம் ஆகும் பவர் ஜூம் வகைக் கிட் லென்ஸில் நாடா ஒட்டிப் பயனில்லை என்று ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னது சரி. கேமராவை அணைக்கும்போது அந்த லென்ஸ் உள்ளே சுருங்கிவிடும். திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குக் கொண்டுவருவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

சென்சாரின் அளவையும் கணக்கில் கொள்ள வேண்டும். 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள முழுச் சென்சாரின் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ. என்பதால், அதில் 50 மி.மீ. லென்ஸ் இயல்பான பார்வைக்கு நெருக்கமானதாகக் கருதப்படுகிறது. ஏ6000 போன்ற சிறிய சென்சாரில் குவியத்தூரத்தை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதே பார்வைக்கு அங்கே 35 மி.மீ. லென்ஸே போதும்.

ஒரே லென்ஸ் அலுத்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு நான் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோனைச் சொல்வேன். லைக்கா கேமராவும் 50 மி.மீ. லென்ஸுமே அவருடைய வாழ்நாள் கருவிகள் என்று சொல்லுமளவுக்கு அவர் அவற்றோடு ஒன்றிப்போனவர். காந்தியின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்த அவர், 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார்.

மூன்றாம் படி: பழைய மேனுவல் லென்ஸைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு வாரத்துக்குப் பிறகும் கேமரா தூங்கினால், குவியத்தூரம் மட்டும் காரணமன்று. என் விஷயத்தில் ஆட்டோஃபோக்கஸ் எல்லாவற்றையும் நொடியில் முடித்துவிட்டு எனக்கு வேலையே வைக்காமல் இருந்ததுதான் குறை என்று பின்னர் புரிந்தது. வளையத்தைக் கையால் திருப்பி, ஒரு கண்ணிமை மெல்லத் தெளிவாவதைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் படமெடுக்கும் ஆசை திரும்பியது.

என் பரிந்துரை ஹீலியோஸ் 44-2. இது 58 மி.மீ., எஃப் 2. ஜெர்மனியின் கார்ல் சைஸ் ஜெனா நிறுவனம் 1930களில் செய்த பையோட்டார் லென்ஸின் வழிவந்தது. நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள், எட்டு அப்பர்ச்சர் இதழ்கள் கொண்டது. சோவியத் நாட்டின் ஸெனித் கேமராக்களோடு பெரும் எண்ணிக்கையில் விற்கப்பட்டதால் இன்றும் எளிதில் கிடைக்கிறது. கூர்மைதான் முக்கியம் என்பவர்கள் ஜப்பானின் சூப்பர் டாக்குமார் 55 மி.மீ. எஃப் 1.8-ஐ வாங்கலாம். அதன் வளையம் திரும்பும் மென்மை ஹீலியோஸுக்கு வராது. ஆனால் தோரியம் கலந்த கண்ணாடி கொண்ட சில டாக்குமார்கள் காலப்போக்கில் மஞ்சளித்துவிடும். புற ஊதா ஒளியில் சில நாட்கள் வைத்தால் அந்த மஞ்சள் பெரிதும் குறையும்.

வாங்கும்போது கைப்பேசி விளக்கை லென்ஸின் பின்புறமிருந்து அடித்து முன்புறமாகச் சாய்த்துப் பாருங்கள். தூசுத் துகள்கள் படத்தைக் கெடுக்காது. சிலந்தி வலை போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். "கண்ணாடி சுத்தமாக இருக்கிறது" என்ற விற்பனையாளரின் சொல்லை நம்பி நான் வாங்கிய முதல் ஹீலியோஸில் பின்கண்ணாடி முழுவதும் பூஞ்சை. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை தெரிந்தால், தானியங்கி அப்பர்ச்சர் உள்ள லென்ஸ்களில் அது குறைதான். 44-2-இல் இதழ்களை நகர்த்துவது ஸ்பிரிங் அல்ல, உங்கள் விரலே என்பதால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

நான்காம் படி: அடாப்டர்

இந்த லென்ஸின் திருகு எம்42 வகை: 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரியிடைவெளி. லென்ஸின் விளிம்பிலிருந்து ஃபிலிம் இருந்த தளம் வரை 45.46 மி.மீ. தொலைவு இருக்கும்படி இது வடிவமைக்கப்பட்டது. சோனி கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாயான ஈ மவுண்ட்டில் அந்தத் தொலைவு 18 மி.மீ. மட்டுமே. மீதமுள்ள 27.46 மி.மீ.-ஐ நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் தேவையில்லை.

இந்த அளவு சற்றே பிசகினாலும் விளைவு பெரிது. அடாப்டர் 0.1 மி.மீ. தடித்திருந்தால், 58 மி.மீ. லென்ஸில் ஏறத்தாழ 34 மீட்டருக்கு அப்பால் உள்ள எதையும் முழுமையாகக் கூர்மையாக்க முடியாது. மெலிந்திருந்தால் முடிவிலியைத் தாண்டிச் சிறிது திரும்பும், அவ்வளவுதான். ஆகவே வாங்கியவுடன் மொட்டைமாடிக்குச் சென்று, தொலைவிலுள்ள கைப்பேசிக் கோபுரம் தெளிவாகிறதா என்று பாருங்கள். ஆகவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: நிக்கான் டிஎஸ்எல்ஆரில் பொருத்தலாமா என்று பலர் கேட்டார்கள். நிக்கான் எஃப் மவுண்ட்டின் தொலைவு 46.5 மி.மீ.; எம்42-ஐவிட அதிகம். வெற்று வளையத்தைப் பயன்படுத்தினால் சுமார் மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் ஃபோக்கஸ் ஆகாது. கண்ணாடி வைத்த அடாப்டர்கள் தொலைவைச் சரிசெய்தாலும், நான் பார்த்தவை தெளிவைக் குறைத்துவிடுகின்றன. கேனான் ஈஎஃப் மவுண்ட்டின் தொலைவு 44 மி.மீ. என்பதால் அங்கே மெல்லிய வளையமே போதுமானது.

லென்ஸைத் திருகி இறுக்கிய பிறகு அதன் எண்கள் மேற்புறம் வராமல் பக்கவாட்டில் நின்றால் கவலை வேண்டாம். பல அடாப்டர்களின் பக்கத்தில் மூன்று சிறு திருகுகள் இருக்கும். அவற்றைத் தளர்த்தி, உள்வளையத்தைச் சுழற்றி, மீண்டும் இறுக்கினால் எண்கள் நேராகிவிடும்.

ஐந்தாம் படி: கேமராவின் அமைப்புகள்

லென்ஸைப் பொருத்தியதும் ஷட்டர் இயங்காது; லென்ஸே இல்லை என்று கேமரா நினைக்கிறது. மெனுவில் 'ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்' என்பதை 'எனேபிள்' ஆக்குங்கள். ஃபூஜியில் இதன் பெயர் 'ஷூட் வித்அவுட் லென்ஸ்'. பிறகு 'ஏ' பயன்முறையை (அப்பர்ச்சரை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுப்பது) வைத்து, காட்சியைப் பெரிதாக்கிக் காட்டும் 'ஃபோக்கஸ் மேக்னிஃபையர்' வசதியை ஒரு பொத்தானுக்கு ஒதுக்குங்கள். ஏ6000-இல் கைநடுக்கத்தை ஈடுகட்டும் சென்சார் நிலைப்படுத்தல் இல்லாததால் ஷட்டர் வேகம் நொடியில் 100-இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆறாம் படி: இரண்டு அப்பர்ச்சர் வளையங்கள்

என்னை ஒரு மாலை முழுவதும் அலைக்கழித்த இடம் இதுதான். 44-2-இல் அப்பர்ச்சருக்கென்று இரண்டு வளையங்கள் உள்ளன. 2 முதல் 16 வரை எண்கள் பொறித்த வளையம் 'டக் டக்' என்று நின்று நின்று திரும்பும். அதையொட்டியுள்ள எண்களற்ற வளையம் வழுக்கிக்கொண்டு திரும்பும். நான் எண் வளையத்தை 8-இல் வைத்து எடுத்தேன். பின்னணி மங்கலாகவே இருந்தது. 16-இல் வைத்தேன், எந்த மாற்றமும் இல்லை. லென்ஸ் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டிப் பெட்டியிலும் போட்டுவிட்டேன்.

எண் வளையம் இதழ்களை அசைப்பதே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. இதழ்கள் எதுவரை மூடலாம் என்னும் வேலியை மட்டுமே அது போடுகிறது. உண்மையில் திறந்து மூடுவது வழுக்கு வளையம். அந்தக் கால எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியே வரும் ஒளியைத்தான் வியூஃபைண்டரில் பார்ப்பதால், அப்பர்ச்சர் மூடினால் அது இருண்டுவிடும். ஆகவே படமெடுப்பவர் முதலில் எண் வளையத்தை, சொல்லப்போனால், 8-இல் வைப்பார். வழுக்கு வளையத்தைத் திறந்து, வெளிச்சமான காட்சியில் ஃபோக்கஸ் செய்வார். பிறகு கண்ணை எடுக்காமலேயே வளையத்தை முட்டும்வரை திருப்பி, 8-இல் நிற்கச் செய்து, ஷட்டரை அழுத்துவார். ஏ6000 போன்ற மிரர்லெஸ் கேமராவில் திரை தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்வதால் இந்த அவசியம் குறைவு. ஆனாலும் முழுத்திறப்பில் ஃபோக்கஸ் செய்து, பின் மூடுவதே துல்லியமானது என்பது என் அனுபவம்.

இதைவிட எளிய வழியும் உண்டு. எண் வளையத்தை நிரந்தரமாக 16-இல் வைத்துவிட்டு, வழுக்கு வளையத்தை மட்டும் விருப்பம்போல் திருப்புங்கள். எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரியாது. படக் கோப்பிலும் அப்பர்ச்சர் பதிவாகாது. திரையில் பின்னணி எவ்வளவு கரைகிறது என்பதைப் பார்த்தே நிறுத்துவீர்கள். தொடக்கத்தில் இது எரிச்சலூட்டும். ஒரு வாரத்தில் நான் எண்களையே மறந்துவிட்டேன்.

ஏழாம் படி: ஃபோக்கஸும் சுழலும் பின்னணியும்

எஃப் 2-இல் ஒரு மீட்டர் தொலைவில் தெளிவாக இருக்கும் ஆழம் இரண்டரைச் சென்டிமீட்டர்கூட இல்லை. கூர்மையான இடங்களின் விளிம்பில் 'பீக்கிங்' வசதி காட்டும் வண்ணக் கோடுகளை இங்கே முழுதும் நம்ப முடியாது; மேக்னிஃபையரில் பெரிதாக்கிக் கண்ணை ஃபோக்கஸ் செய்யுங்கள். ஆள் சற்று நகர்ந்துவிட்டால் வளையத்தைத் திருப்பாமல், உங்கள் உடலை நூலளவு முன்னும் பின்னும் சாய்த்துச் சரிசெய்வதே வேகமானது.

ஹீலியோஸின் புகழுக்குக் காரணம் சுழலும் பின்னணி. படத்தின் ஓரங்களில் ஒளி லென்ஸின் விளிம்பால் வெட்டுப்பட்டு, வட்டமான ஒளிப்பொட்டுகள் பூனைக்கண் வடிவாகின்றன. அவை நடுப்பகுதியைச் சுற்றி வளைந்து நிற்பதால் சுழல்வதுபோலத் தோன்றுகிறது. இதற்கு எஃப் 2 வேண்டும். ஆள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பின்னால் பல மீட்டர் தள்ளி, வெயில் ஊடுருவும் இலைகள் வேண்டும். வேப்பமரம் இதற்கு மிகவும் ஏற்றது. வெறும் சுவரின் முன் நிறுத்தினால் எதுவும் தெரியாது. பழைய பூச்சு என்பதால் எதிர்வெயிலில் படம் வெளிறும். வடிகட்டி வாங்கும் முன் பக்கவெளிச்சத்தை மறைக்கும் 49 மி.மீ. ரப்பர் ஹூட் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: "சுழல் வரவே இல்லை, போலியா?" என்று கேட்டவர்கள் அனைவரும் சிறிய சென்சார் கேமரா வைத்திருந்தார்கள். சுழல் தோன்றும் ஓரங்களைச் சிறிய சென்சார் வெட்டிவிடுகிறது. லென்ஸும் 87 மி.மீ. போன்ற நெருக்கமான பார்வையையே தருகிறது. ஃபோக்கல் ரெட்யூசர் என்னும் கண்ணாடி வைத்த அடாப்டர் அந்த ஓரங்களில் பெரும்பகுதியை மீட்டுத்தரும். ஆனால் அதன் விலை பெரும்பாலும் லென்ஸின் விலையைத் தாண்டிவிடுகிறது. எனக்கு முகங்களே போதும் என்பதால் நான் அதை வாங்கவில்லை. வெற்றுக் குழாயோடுதான் ஹீலியோஸ் என் கேமராவில் இருக்கிறது, மற்ற லென்ஸ்கள் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் இருக்கின்றன.