இரவில் பிள்ளை தூங்க வேண்டும் என்பதற்காகச் செய்யக் கூடாதவை

பேறுகாலம் முடிந்து வீடு திரும்பிய தாய்மார்களைப் பார்ப்பதற்காக வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் தெருத்தெருவாகச் செல்வது என் வேலை. "நைட்டு முழுக்க எப்ப சிஸ்டர் தூங்கும்?" என்ற கேள்வி ஒரு வீட்டிலும் தப்புவதில்லை. அந்தக் கேள்விக்கு என் முதல் பிள்ளையின் காலத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்டுபிடித்த அதே விடைகளை இன்றைய பெண்கள் வாட்ஸ்அப் குழுக்களில் புதிதாகக் கண்டுபிடித்து, அதே வரிசையில் செய்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு அருகில் டிவி ஓடக் கூடாது, ஈரத்துணியோடு படுக்க வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முழு இரவு என்று எதிர்பார்ப்பது

பிறந்த பிள்ளை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும் என்றாலும், அந்தத் தூக்கம் இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாகவே வரும். இரவு எது, பகல் எது என்று அதன் உடம்பு பிரித்து அறிவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். தூக்க ஆய்வுகள் பலவற்றில் 'இரவு முழுவதும் தூங்கிய பிள்ளை' என்று குறிக்கப்படுவது நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை எழாத பிள்ளையைத்தான். ஒன்றரை மாதப் பிள்ளை இரவு 9 மணியிலிருந்து விடியும் வரை எழவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் பெருமைப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரவுக்கு மட்டும் டப்பா பால்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். இதற்குக் காரணம் தாயின் அலட்சியமல்ல, சுற்றியிருப்பவர்களின் அக்கறை என்பதால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

காசிமேட்டில் ஒரு வீடு. கணவர் விசைப்படகில் கடலுக்குச் செல்பவர். பிள்ளைக்கு ஆறு வாரம். மாலை 6 மணியானதும் பிள்ளை மார்பை விடாமல் சப்புகிறது, விட்டால் அழுகிறது, பத்து நிமிடத்தில் மறுபடியும் தேடுகிறது. "பால் பத்தல, அதான் தூங்க மாட்டேங்குது" என்று ஆயா (பாட்டி) தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிரவே பால் பவுடர் டப்பா வந்தது. பிள்ளை நான்கு மணி நேரம் தூங்கியது, வீடே மகிழ்ந்தது. பத்து நாள் கழித்து நான் போனபோது அந்தப் பெண்ணுக்கு இரவில் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகி, காய்ச்சலும் வந்து போயிருந்தது. மூன்றாம் மாதம் முடிவதற்குள் பகலிலும் டப்பா பாலே கொடுக்க வேண்டியதாயிற்று. "நான் அப்பவே சொல்லல?" என்றார் ஆயா. அவர் சொன்னதால்தான் அப்படி ஆயிற்று என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நடப்பது இவ்வளவுதான். மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு பால் ஊறும். நிறைந்தே கிடந்தால் சுரப்பு தானாகக் குறையும். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகமாக இருக்கும். ஆகவே சுரப்புக்கு மிகவும் உதவுகிற வேளையாகப் பார்த்துத்தான் நாம் பிள்ளையை மார்பிலிருந்து விலக்குகிறோம். அது மட்டுமல்ல, இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் தூக்கத்தோடு தொடர்புடைய மெலடோனின் இருக்கிறது. முதல் சில வாரங்களில் பிள்ளையின் உடம்பு அதைத் தானாகப் போதிய அளவு சுரப்பதில்லை. டப்பா பாலில் அது கிடையாது. தூக்கத்துக்காக என்று சொல்லி, தூக்கத்துக்கு உதவக்கூடிய பாலையே நிறுத்துகிறோம்.

மாலை நேரத்தில் பிள்ளை அடுத்தடுத்துப் பால் கேட்பதும், ஆறாவது வாரத்தை ஒட்டி அழுகை உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்குவதும் இயல்பு. பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்ய முடியாது. முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டியதா, அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறுகிறதா என்று பாருங்கள். எடை பார்க்கும் எந்திரம் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது, காசும் கேட்பதில்லை.

டப்பா வந்த வீட்டில் அடுத்த தவறும் தானாக வந்து சேரும். "கெட்டியாக இருந்தால் வயிறு தாங்கும்" என்று இரவில் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவார்கள். பிள்ளைக்கு மலம் இறுகும், உடம்பில் நீர் குறையும். மாதக் கடைசியில் டப்பா தீரும்போது அதே வீட்டில் ஒரு கரண்டி குறையும். கேன் தண்ணீரைக் கொதிக்க வைக்காமலே கலப்பவர்களும் உண்டு. பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருளல்ல என்பதால், கொதித்த நீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறுவதற்குள் கலந்து, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

டப்பா பாலுக்கு விளம்பரம் செய்வதையும் தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. இருந்தும் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து வீடு வந்த பெண்ணின் கட்டைப் பையில், மருந்துச் சீட்டுக்குக் கீழே, சின்ன டப்பா ஒன்று இருந்ததை நானே எடுத்துப் பார்த்தேன்.

மருத்துவக் காரணத்தால் டப்பா பால் தேவைப்படும் பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய தாய்மார்களை நான் குறை சொல்லவில்லை. தாய் களைத்துப் போயிருந்தால், மாலையில் பாலைப் பீய்ச்சி வைத்து, இரவில் ஒரு வேளை அப்பாவோ ஆயாவோ பாலாடையில் (சங்கு போன்ற சின்னக் கிண்ணம்) கொடுக்கலாம். எழுந்ததும் தாய் பால் கொடுத்துவிட்டால் சுரப்பு குறையாது.

ஒவ்வொரு முனகலுக்கும் தூளியை ஆட்டுவது

பிள்ளையின் தூக்கச் சுற்று ஏறத்தாழ 50 நிமிடம். அதில் பாதிக்கு மேல் மேலோட்டமான தூக்கம். அப்போது அது முனகும், முகம் சுளிக்கும், கை காலை உதறும், கண்ணைக்கூட அரைகுறையாகத் திறக்கும். எழுந்துவிட்டது என்று நாம் பாய்ந்து போய் ஆட்டி, தூக்கி, விளக்கைப் போட்டு, உண்மையிலேயே எழுப்பிவிடுகிறோம். ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். அழுகை வலுத்தால் எடுங்கள். பாதி நேரம் அது தானே அடங்கிவிடும்.

ஒரே அறையில் ஐந்து பேர் படுத்திருக்க, நள்ளிரவு தாண்டியதும் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒருவர் கிளம்ப வேண்டிய வீட்டில், அந்த ஒரு நிமிடத்தைப் பொறுப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் கன்டெய்னர் லாரி ஓடும் சத்தத்தில் தூங்கும் பிள்ளைக்கு நம் வீட்டுப் பேச்சு தொந்தரவில்லை. தூளி நிற்பதுதான் தொந்தரவு. ஆட்டத்திலேயே தூங்கிப் பழகிய பிள்ளை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஆட்டத்தைத் தேடும். நான்காம் மாதத்திலிருந்து, கண் சொருகும்போதே ஆட்டத்தை நிறுத்திப் பழக்குங்கள். பாயில் படுக்க வைத்துத் தட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது. தூளியில் பிள்ளையின் தாடை நெஞ்சில் மடிந்தால் மூச்சு தடைபடும் என்பதால், இரவு முழுவதும் அதிலேயே விடக் கூடாது.

சளி மருந்து

தூங்க வைப்பதற்காக ஒரு சொட்டும் கூடாது. குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிடும்படி 2023இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது.

ஜாதிக்காய் உரசிக் கொடுப்பது

அளவு மீறினால் அது நஞ்சு. உரசும் கல்லில் அளவுக்கோடு எதுவும் இல்லை.

கடுகுத் தலையணை

வேண்டாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

நன்றாகத் தூங்குகிறதே என்று விட்டுவிடுவது

தூங்காத பிள்ளைக்காக என்னைக் கூப்பிடுபவர்கள், தூங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்காகக் கூப்பிடுவதில்லை. முதல் வாரங்களில் பிள்ளை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்க வேண்டும். மஞ்சள் காமாலை ஏறிய பிள்ளை குடிக்காமல் சோர்ந்து தூங்கும். உள்ளங்காலைத் தேய்த்தும், துணியைத் தளர்த்தியும் எழுந்து பால் குடிக்காத பிள்ளையையும், மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் கண்ட பிள்ளையையும் விடியும் வரை வைத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.