கருத்தரங்கா, விருந்தா: மண்டபம் பதிவு செய்யுமுன்

ஓட்டலில் மண்டபம் பதிவு செய்யுமுன், நடக்கவிருப்பது கருத்தரங்கா விருந்தா என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்; ஏனெனில் அதே மண்டபத்தில் எத்தனை பேர் அமரலாம் என்பதே அதைப் பொறுத்து மாறும். கருத்தரங்கில் அனைவரும் மேடையையும் திரையையும் பார்த்தாக வேண்டும் என்பதால் நாற்காலிகளை வரிசையாகப் போடுவார்கள். குறிப்பெடுப்பவர்களுக்கு நீள மேசையும் வேண்டுமென்றால் இடம் கணிசமாகக் குறையும். விருந்துக்கு வட்ட மேசைகளே வழக்கம்: ஐந்தடி விட்டமுள்ளதில் 8 பேரும், ஆறடியில் 10 பேரும் அமரலாம். பரிமாறுபவர் தட்டோடு போய்வர வழியே இல்லாமல் மேசைகளை நெருக்கிக் கணக்குப் போட்டு, "தாராளமாக உட்காரலாம்" என்று சொல்பவர்களும் உண்டு. ஆகவே மேசைகள் குறித்த வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

விருந்துக்குப் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று விலை பேசி, குறைந்தபட்ச எண்ணிக்கையையும் உறுதி செய்யச் சொல்வார்கள். வருபவர்கள் குறைந்தாலும் அந்த எண்ணிக்கைக்குப் பணம் கட்டியாக வேண்டும். கருத்தரங்குக்கு நாள் வாடகையோ, தேநீர், மதிய உணவு, ஒலிபெருக்கி, புரொஜெக்டர் அடங்கிய கட்டணமோ இருக்கும்.

பகலில் கருத்தரங்கு, இரவில் அங்கேயே விருந்து என்றால், மேசைகளை மாற்றி விரிப்பு விரிக்க இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டு, அதுவரை விருந்தினர்களுக்கு முன்கூடத்தில் பழச்சாறு கொடுக்கச் சொல்லுங்கள்.