கர்ப்பத்தில் புகையிலையை விடுவது, பிரசவத்துக்குப் பிறகும் தொடாமல் இருப்பது

"சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டால் நம் ஊர்க் கர்ப்பிணிகள் இல்லை என்பார்கள். உண்மைதான். வெற்றிலையோடு போடும் புகையிலையைத்தான் யாரும் கேட்பதில்லை. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் புகைத்த பெண்கள் 2 சதவீதம். புகையில்லாப் புகையிலை பயன்படுத்தியவர்கள் 12.8 சதவீதம். அப்படிப் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்ததாக மும்பையில் நடந்து 2004ல் வெளியான ஆய்வு காட்டியது.

சுண்ணாம்பின் காரம், புகையிலையில் உள்ள நிகோடின் என்ற போதைப்பொருளைக் கன்னத்தின் வழியே வேகமாக ரத்தத்தில் ஏற்றிவிடும். அது குழந்தைக்குப் போவதை நஞ்சுக்கொடி தடுக்காது.

எப்போதெல்லாம் போடுகிறீர்கள் என்று இரண்டு நாள் காலண்டர் தாளில் கோடு போடுங்கள். ஒரு வாரத்துக்குள் விடும் நாளைக் குறியுங்கள். அதுவரை, ராத்திரி கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவதை முதலில் நிறுத்துங்கள். மணிக்கணக்கில் ஊறுவது அதுதான். குறித்த நாளில் சுருக்குப்பையையே காலி செய்யுங்கள். "வெறும் பாக்கு மட்டும்" என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாக்கும் அடிமைப்படுத்தும், புற்றுநோயும் தரும்.

முதல் மூன்று நாள் தலைவலியும் எரிச்சலும் இருக்கும். ஆசை வந்தால் சில நிமிடத்தில் அடங்கும்; அதுவரை வறுத்த கொத்தமல்லி விதை நாலு, அல்லது நெல்லி வற்றல் ஒரு துண்டு. சாப்பிட்டதும் பல் தேய்த்துவிடுங்கள்.

"போட்டாதான் வயிறு இளகும்" என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. நிகோடின் குடலைத் தூண்டும். விட்டதும் மலம் இறுகும், இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்துகொள்ளும். கீரை, கொய்யா, நிறையத் தண்ணீர். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள், செவிலியரிடம் சொல்லுங்கள். பல்வலிக்காகப் போடுபவர்கள் பல்லுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், கர்ப்பத்திலும் பார்க்கலாம்.

முடியவே இல்லையென்றால் 1800-11-2356க்குப் பேசுங்கள், கட்டணமில்லை. நிகோடின் சூயிங்கத்தை மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் இப்படியே நாள் குறித்து விடலாம். கணவர் வீட்டுக்குள் பிடித்தால் அந்தப் புகையும் உங்களுக்குத்தான்.

பிரசவத்துக்குப் பிறகுதான் பழக்கம் பெரும்பாலும் திரும்பும். தூக்கமில்லாத இரவுகள், செரிக்கட்டும் என்று பெரியவர்கள் மடித்துத் தரும் வெற்றிலை. புகையிலை வேண்டாமென்று மாமியாரிடமும் அம்மாவிடமும் ஒன்பதாம் மாதத்திலேயே சொல்லிவையுங்கள். தவறிப் போட்டுவிட்டால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பாலில் இறங்கும் நிகோடின் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியாகும். அடுத்த பாலுக்கு முடிந்த அளவு இடைவெளி விட்டு, வாய் கொப்பளித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியும் பரண் மேல்தான் இருக்க வேண்டும்: ஒரு துண்டு புகையிலையை விழுங்கினாலே குழந்தைக்கு விஷம் ஏறலாம்.